ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி பல்கலைக்கழகமான வரலாறு

“தமிழாசிரியர் படிப்பா? வேறெதுவும் கிடைக்கலையா?”

தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தங்கைக்கு இடம் கிடைத்தபோது உறவினர் ஒருவர் கேட்ட கேள்வி இது. தங்கை வாடிப்போனாள். அவளைக் கொண்டுபோய் விட்ட அன்று அப்பல்கலைக்கழகத்தின் பழைய ‘சூலோ புடிமான்’ கட்டடத்தைப் பார்த்தேன். பிறகே அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

மலாக்கா, மாத்தாங் ஆகிய இடங்களில் இருந்த பயிற்சிக் கல்லூரிகளுக்குப் பதிலாக 1922 நவம்பரில் இக்கல்லூரி திறக்கப்பட்டது. இதற்கு வித்திட்டவர் கல்வி அதிகாரி ஆர்.ஓ. வின்ஸ்டெட், முதல் முதல்வர் ஓ.டி. டுசெக். கிராமப் பள்ளிகளுக்கு மலாய் ஆசிரியர்களை உருவாக்குவதே நோக்கம். ஆதலால் தோட்டவேலையும் கூடை முடைதலும் பாடங்களாயின. காலனி அரசு எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

விளைந்ததோ வேறு. 1924இல் மொழிபெயர்ப்புப் பிரிவு அங்கு இடம்மாறியது. ஸாஅபா அதில் பணியாற்ற, மலாய்ப் பாடநூல்கள் பெருகின. 1938இல் இளைஞர் இயக்கம் கண்ட இப்ராஹிம் யாக்கோப் இங்குப் பயின்றவரே. கல்லூரி 1987இல் கழகமாகவும், 1997இல் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தது. ஆசிரியருக்குப் பயிற்சியும் நூலும் கிடைத்தால் ஒரு மொழியே நிமிரும் என்பதற்கு இதுவே சான்று.

நம் நிலையை எண்ணிப் பார்ப்போம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும். பள்ளிகள் எழுந்தன, ஆனால் பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். இன்று நான் வாழும் ஷா ஆலமும் அன்று ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த சுங்கை ரெங்கம்தான். இவ்வட்டாரத் தோட்டமொன்றில் படித்த என் பாட்டி, மூன்றாம் வகுப்போடு நின்றார். “சொல்லிக்கொடுக்க ஆள் இல்லப்பா” என்பார்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இல்தான் தோன்றியது. இன்று நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மலாய் ஆசிரியர்களுக்கென எழுந்த அதே தஞ்சோங் மாலிமில் இப்போது தமிழ்க் கல்வியும் பயிற்றுவிக்கப்படுகிறது.

இவற்றையெல்லாம் தங்கையிடம் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவள், “அப்போ பாட்டிக்குக் கிடைக்காத வாத்தியார் நான்தாண்ணே” என்றாள்.

நண்பர்களே, அடுத்தமுறை யாரேனும் அக்கேள்வியைக் கேட்டால், இவ்வரலாற்றைச் சொல்லுங்கள்.