பொன்னிக்கு, 'ரன்' பற்றி



அத்தை எழுதுகிறேன். ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டியாயிற்று என்று அப்பா சொன்னார். அந்தப் பயிற்சி நிலையத்திலேயே இன்னும் மூன்று மாதம் போவதா, வீட்டிலிருந்தே படிப்பதா என்று நீ யோசிக்கிறாயாம். முடிவு உன்னுடையது, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அவர்கள் மனப்பாடம் செய்யச் சொன்ன வார்த்தைப் பட்டியலை நீ அனுப்பினாயே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

அத்தனையும் நீள நீளமான வார்த்தைகள். இங்கிலாந்தில் நர்ஸாக வார்டில் நின்ற காலமெல்லாம் எந்த நோயாளியும் அவற்றில் ஒன்றைக்கூட என்னிடம் சொன்னதில்லை. என்னைப் பாடாய்ப் படுத்தியது 'ரன்'தான். ஒன்றாம் வகுப்பில் 'ஓடு' என்று படித்தோமே, அதே ரன்.

'ஐ ஹேவ் காட் த ரன்ஸ்' என்று கிழவர் முனகினால் வயிற்றுப்போக்கு என்று அர்த்தம். உடனே மலம் எப்படி என்று பிரிஸ்டல் சார்ட்டில் குறிக்க வேண்டும், மாதிரி அனுப்ப வேண்டும், தனி அறை கேட்க வேண்டும். புரியாமல் தலையாட்டிவிட்டு வந்தால் வார்டு முழுக்கத் தொற்றிக்கொள்ளும். 'ரன் டவுன்' என்றால் உடம்பில் தெம்பே இல்லை. 'ரன்ஸ் இன் த ஃபேமிலி' என்றால் அந்த நோய் பரம்பரையாக வருவது. 'ரன் மீ எ பாத்' என்று பாட்டி கேட்டால் தொட்டியில் வெந்நீர் நிரப்ப வேண்டும்.

டாக்டர் வான்கோமைசின் எழுதிவிட்டு 'ரன் இட் ஓவர் எ ஹண்ட்ரட் மினிட்ஸ்' என்பார். ஒரு கிராம் மருந்து 100 நிமிடத்துக்கு மெல்ல மெல்ல ஏற வேண்டும். அவசரமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து, பிரஷர் இறங்கிவிடும். அதே 'ரன் ஓவர்' காஷுவல்டியில் காதில் விழுந்தால், யார் மீதோ வண்டி ஏறிவிட்டது. இதை எந்தப் பட்டியல் சொல்லித் தரும்?

ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் 2011ல் ரன் என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் பிரித்தார்கள். அதற்கு பீட்டர் கில்லிவர் என்பவருக்கு 9 மாதம் பிடித்தது. 1755லேயே ஜான்சன் தம் அகராதி முன்னுரையில், இந்த மாதிரிச் சின்ன வினைச்சொற்களோடு பட்ட பாட்டை எழுதியிருக்கிறார். அந்த வரிசையில் ரன்னும் உண்டு. நம் 'ஓடு'வும் லேசுப்பட்டதில்லை. கடை ஓடுகிறது, படம் ஓடுகிறது, மனதில் என்னவோ ஓடுகிறது. அதனால் பாதி ரன் நமக்குத் தானாகவே பிடிபடும். மீதிப் பாதியில்தான் எனக்குப் பயம். நமக்கு மூக்கு ஒழுகும், சாயம் போகும், சர்க்கரை தீரும். அவர்களுக்கு எல்லாமே ரன்.

நான் புறப்பட்டபோதும் உன் அப்பா இப்படித்தான் ஓர் இடத்தில் சேர்த்துவிட்டார். ஆச்சியின் அட்டிகை எதற்குப் போனது என்று உனக்குத் தெரியும். அங்கே பாடம் நடத்திய ஆள் அகராதியில் முரட்டு வார்த்தைகளாகப் பொறுக்கி தினமும் ஒப்பிக்கச் சொன்னான். ரன், கெட், புட், டேக் பற்றி ஒரு நாள்கூட வாய் திறக்கவில்லை. அட்டிகை திரும்பி வரவேயில்லை. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. அதே பணத்தை இப்போது நீயும் கொண்டுபோய்க் கொட்டுவதா?

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக்கொள். ரன்னுக்கு நான்கு பக்கம் ஒதுக்கு. தனி வார்த்தையாக எழுதாதே. முழு வாக்கியம், அதை யார் யாரிடம் சொன்னார்கள், பின்னால் அவுட் வந்ததா, டவுன் வந்ததா, இன்டு வந்ததா, எல்லாம் எழுது. பிபிசியில் 1951லிருந்து 'த ஆர்ச்சர்ஸ்' என்று ஒரு கிராமத்து நாடகம் வருகிறது. படுக்கப் போகுமுன் கேள். வீட்டில் உட்கார்ந்து சண்டை போடுகிறவர்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேசுவார்கள். உன் நோயாளிகளும் அப்படித்தான் பேசுவார்கள்.

கடிந்து எழுதிவிட்டேனோ? மனதில் வைத்துக்கொள்ளாதே கண்ணே. ஆச்சி படுக்கையில் கிடந்தபோது ஒரு புண் வராமல் நீ புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டதை நான் மறக்கவில்லை. அந்தக் கைக்கு எந்த ஊரிலும் மரியாதை உண்டு. உனக்கு அந்த வகுப்புதான் தைரியம் தருகிறது என்றால் போ, பணம் நானே அனுப்புகிறேன், அப்பாவிடம் கேட்காதே. அட்டிகைப் பேச்சையும் அவரிடம் எடுக்காதே, மனுஷன் நொந்துபோவார். சந்தேகம் வந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடு.

உன்
அத்தை