டிமான்ட்டி காலனியும் ஒரு கொடையாளரும்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. பத்தாம் வகுப்பில் பயிலும் நாங்கள் ஐவர் இப்பழமொழியின் பொருளை இவ்வாண்டுதான் உணர்ந்தோம். நாங்கள் செய்த ஒரு தவறே அதற்குக் காரணம்.

ஒரு நாள் இரவு விடுதியில் மின்சாரம் நின்றுவிட்டது. பொழுதைப் போக்க ஆறாம் வகுப்புச் சிறுமிகளைச் சுற்றிலும் உட்கார வைத்து, சென்னை ஆழ்வார்பேட்டையிலுள்ள டிமான்ட்டி காலனியின் பேய்க் கதையைச் சொன்னோம். 2015ஆம் ஆண்டு அதே பெயரில் ஒரு திரைப்படம் வந்ததும், அக்கதை ஊரெங்கும் பரவியதும் பலருக்குத் தெரியும். டிமான்ட்டி துரையின் மனைவிக்குப் பைத்தியம் என்று நாங்கள் நடித்தும் காட்டினோம். அன்றிரவு ஒரு சிறுமி உறங்கவேயில்லை; விடியும்வரை அழுதாள்.

மறுநாள் வரலாறு கற்பிக்கும் அருட்சகோதரி எங்களை அழைத்தார். திட்டு விழும் என்று நடுங்கிக்கொண்டு நின்றோம். அவரோ, "அந்த டிமான்ட்டி யார் என்று தெரியுமா, பிள்ளைகளே?" என்று மட்டும் கேட்டார். விழித்தோம். "தெரிந்துகொண்டு வந்து அந்தக் குழந்தையிடம் சொல்லுங்கள். அதுவே உங்களுக்குத் தண்டனை" என்றார். இவ்வாறு தொடங்கியதே எங்கள் ஆராய்ச்சி.

தோட்ட வீடுகளின் காலம்

முதலில் நூலகத்திற்குச் சென்று சென்னை நகர வரலாற்று நூல்களைப் புரட்டினோம். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆங்கிலேயர் பெரும்பாலும் கோட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு அகலவில்லை. 1769இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசலுக்கே வந்துவிட்டது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு போர்ப் பயம் நீங்கியது. செல்வர்கள் தெற்கேயும் மேற்கேயும் பல ஏக்கர் நிலம் வாங்கி, நடுவில் மாளிகையும் சுற்றிலும் தோப்புமாக வாழத் தலைப்பட்டனர். அவற்றிற்குத் 'தோட்ட வீடு' என்று பெயர்.

அவ்வாறு முன்னதாகவே அமைந்த ஒன்று அடையாற்றங்கரையில் இருந்தது. 1771இல் சென்னைக்கு வந்த அரசாங்கக் கணக்கர் ஜார்ஜ் மௌபரே 105 ஏக்கர் நிலம் பெற்று, கும்பம் போன்ற கூரையுடைய ஒரு மாளிகையைக் கட்டினார். அதற்குச் செல்லும் பாதை மௌபரேஸ் ரோடு ஆயிற்று. இருமருங்கும் ஆலமரங்கள் நின்ற அந்தச் சாலையைத்தான் இன்று டி.டி.கே. சாலை என்கிறோம். பெயர்ப் பலகை மாறியதும் அந்த 105 ஏக்கரின் நினைவும் நம் மனத்தை விட்டுப் போய்விட்டது.

ஜான் டி மான்டி

பிற்காலத்தில் அந்தத் தோட்டத்திற்கு உரிமையாளரானவர்தான் ஜான் டி மான்டி. இவர் போர்த்துக்கீசிய வழிவந்த வணிகர்; கத்தோலிக்கர். அர்பத்நாட் என்பவருடன் கூட்டாக வணிகம் செய்து பெரும் பொருள் ஈட்டினார். ஆழ்வார்பேட்டை, சாந்தோம், கோவளம் எனப் பல இடங்களில் அவருக்குச் சொத்துகள் இருந்தன.

செல்வம் நிறைந்த அவ்வீட்டில் மகிழ்ச்சி நிறைந்திருக்கவில்லை. மனைவி மனநோயால் வாடினார் என்றும், ஒரே மகன் இளமையிலேயே இறந்தான் என்றும் நகர வரலாறு எழுதியவர்கள் கூறுகிறார்கள். இதைப் படித்தபோது எங்களுள் ஒருவரும் பேசவில்லை. நோயுற்ற ஒரு தாயையா நாம் நடித்துக் காட்டிச் சிரித்தோம்?

1821இல் டி மான்டி காலமானார். அதற்கு முன்பே உயில் எழுதித் தம் பெருஞ்சொத்தைக் கத்தோலிக்கத் திருச்சபையின் அறப்பணிகளுக்கு விட்டுச் சென்றார்.

தோட்டம் குடியிருப்பானது

அவருக்குப்பின் அந்நிலங்களில் நகரம் மெல்ல வளர்ந்தது. மௌபரேயின் மாளிகையில் 1890இல் தொடங்கப்பட்ட அடையாறு கிளப் இடம்பெற்றது. 1832இல் தோன்றிய மெட்ராஸ் கிளப் 1963இல் அதனோடு இணைந்தது. கும்பக் கூரையுடைய அம்மாளிகை இன்றும் நிற்கிறது. தோப்புகள் இருந்த இடங்களில் தெருக்களும் வீடுகளும் எழுந்தன. அவற்றுள் ஒன்றே டிமான்ட்டி காலனி.

இங்கேதான் எங்களுக்கு ஓர் உண்மை பளிச்சென்று விளங்கியது. பேய்க் கதையில் வரும் வீடுகள் 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. டி மான்டி மறைந்ததோ 1821இல்! தாம் கண்ணாலும் காணாத வீட்டில் அவர் எப்படி உலவுவார்? ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தால் அன்றிரவே எங்கள் கதை பொய் என்று தெரிந்திருக்கும். ஆளில்லாமல் பூட்டிக்கிடந்த வீடுகளும், மண்டிய செடிகொடிகளும், பலகையில் இருந்த ஓர் அயல்நாட்டுப் பெயரும் சேர்ந்தே ஒரு பேயை உண்டாக்கிவிட்டன.

இன்னொன்றையும் அறிந்தோம். அவர் கூட்டாளியாக இருந்த வணிக நிறுவனம் பின்னர் அர்பத்நாட் கம்பெனியாக வளர்ந்து, 1906இல் திவாலானது. எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. சேர்த்து வைத்தது அழிந்தது, கொடுத்தது நிலைத்தது.

கோவளத்தில் ஒரு நாள்

ஆராய்ச்சியின் முடிவாக, சகோதரி எங்களைச் சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவளத்திற்கு அழைத்துச் சென்றார். டி மான்டி அடக்கம் செய்யப்பட்டது அங்குள்ள கத்தோலிக்க ஆலயத்தில்தான். அந்தச் சிறுமியையும் உடன் அழைத்துப் போனோம். பேருந்தில் அவளுக்கு இக்கதை முழுவதையும் சொல்லி, மன்னிப்பும் கேட்டோம். கல்லறையின் முன் எங்கள் கையைப் பற்றிக்கொண்டு நின்றாள். சற்று நேரம் கழித்து, "அக்கா, இவருக்காகவும் அந்த அம்மாவுக்காகவும் வேண்டிக்கொள்ளலாமா?" என்று கேட்டாள். அனைவரும் முழந்தாளிட்டோம். கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது.

தோழியரே! உங்கள் தெருவுக்கும் ஒரு கதை இருக்கும். தெருப் பெயரில் தொடங்குங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பெட்டியில் இருக்கும் பழைய கிரயப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் அப்பாவின் உதவியோடு படித்துப் பாருங்கள். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதை அவை காட்டும். கல்வெட்டுகளையும் கல்லறைகளையும் பாருங்கள். எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தையும் கன்னிமாரா நூலகத்தையும் மறவாதீர்கள். கேட்டதையும் படித்ததையும் ஆண்டு வரிசையில் எழுதி ஒப்பிட்டால் பொய் தானே உதிர்ந்துவிடும்.

இப்போது விடுதியில் மின்சாரம் நின்றால், "அக்கா, டி மான்டி கதை சொல்லுங்கள்" என்று சிறுமிகளே கேட்கிறார்கள். சொல்கிறோம். யாரும் அழுவதில்லை.

– பத்தாம் வகுப்பு மாணவியர் ஐவருக்காக, அவர்களுள் ஒருத்தி