மேக விதைப்பும் ஆற்றுப் படுகையின் நீர்வளமும்

ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் கேரளத்திலும் குடிநீர்ப் பற்றாக்குறை ஏற்படுவதுண்டு. திருவனந்தபுரம் நகரின் முதன்மையான நீராதாரம் கரமனை ஆறு. அதன் குறுக்கே பேப்பாறையிலும் அருவிக்கரையிலும் அணைகள் உள்ளன. 2017-ஆம் ஆண்டுக் கோடையில் பேப்பாறையின் நீர்மட்டம் மிகவும் தாழ்ந்துவிடவே, நெய்யாறு நீர்த்தேக்கத்திலிருந்து அருவிக்கரைக்கு நீர் கொணர நேர்ந்தது. செயற்கை மழை பற்றிய பேச்சும் அப்போது எழுந்தது. இம்முறையால் ஓர் ஆற்றுப் படுகையின் நீர்வளத்தைப் பெருக்க இயலுமா என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

அடிப்படை என்ன?

மேகத்திலுள்ள நுண்துளிகள் ஒன்றுசேர்ந்து பருத்தால்தான் மழையாக விழும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத துளிகளைக் கொண்ட மேகங்களில் உலர் பனிக்கட்டியோ வெள்ளி அயோடைடோ தூவினால் பனிப்படிகங்கள் தோன்றி வளரும். 1946-இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேஃபர் முன்னதன் ஆற்றலையும், பெர்னார்ட் வானகட் பின்னதன் ஆற்றலையும் கண்டறிந்தனர். உறைநிலைக்கு மேற்பட்ட வெப்பமுள்ள மேகங்களுக்கு, ஈரத்தை ஈர்க்கும் உப்புத் துகள்களே ஏற்றவை. எம்முறையாயினும் மேகத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் மேகத்தின் மழைத்திறனைச் சற்றுக் கூட்டவே முயல்கிறது.

சோதனைகள் காட்டுவன

பூனாவிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகம், 1973-க்கும் 1986-க்கும் இடையே 11 பருவங்களில் மகாராஷ்டிரத்தின் மழைமறைவுப் பகுதியில் விமானம் மூலம் உப்புத் தூவிச் சோதித்தது. மழை 24 விழுக்காடு மிகுந்ததாக அதன் முடிவு கூறிற்று. அதே கழகம் 2018, 2019 ஆண்டுகளில் சோலாப்பூரில் 276 மேகங்களை ஆராய்ந்தது. காற்று வீசும் திசையில் ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் 18 விழுக்காடு உயர்வு காணப்பட்டதாக 2023-இல் அறிவித்தது.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. இஸ்ரேலில் 1961 முதல் 1967 வரை நடந்த சோதனை 15 விழுக்காடு உயர்வைக் காட்டியது. ஆயினும், 2013 முதல் 2020 வரை நாட்டின் வடபகுதியில் நடந்த சோதனையில் கிடைத்தது 1.8 விழுக்காடே. அது தற்செயலானதன்று என்று புள்ளியியல்படி நிறுவ இயலாமையால் பணி நிறுத்தப்பட்டது. ஓரிடத்து முடிவைப் பிறிதோர் இடத்திற்கு அப்படியே பொருத்தலாகாது என்பது இதனால் பெறப்படும்.

ஓர் எளிய கணக்கு

100 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 10 மில்லிமீட்டர் கோடை மழை பெய்வதாகக் கொள்வோம். அதில் 18 விழுக்காடு கூடினால் கிடைப்பது 1.8 மில்லிமீட்டர், அதாவது 18 கோடி லிட்டர். அதில் பாதி அணையை அடைந்தால் 9 கோடி லிட்டர். நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வீதம் 10 லட்சம் பேருக்கு 13.5 கோடி லிட்டர் வேண்டும். எனவே, கிடைத்த நீர் ஒரு நாளைக்கும் போதாது. வறண்ட மண் உறிஞ்சுவதைக் கருதினால் பாதி அணை சேரும் என்பதும் தாராளமான மதிப்பீடே.

இதே உயர்வு, மேகங்கள் மிகுந்த பருவமழைக் காலத்தில் கிட்டினால் நீரின் அளவு பன்மடங்காகும். ஆனால், அணைகள் அப்போது தாமே நிரம்பக்கூடும். நிரம்பிய அணைக்கு மேலும் வரும் நீர் வழிந்து கடலையே சேரும். தேவை மிகும்போது மேகமில்லை. மேகம் மிகும்போது தேக்கிவைக்க இடமில்லை. மேக விதைப்பின் பொருளாதாரச் சிக்கல் இதுவே.

முடிவுரை

ஆகவே, வறட்சி முற்றிய பின் அவசர மருந்தாக இதனைக் கையாள்வது வீண் செலவாகவே முடியும். மழை பொய்க்கும் பருவங்களில், தேக்க இடமுள்ள அணைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில், மேக அளவீடுகளின் துணையோடும், விதைத்த மேகங்களையும் விதைக்காத மேகங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாட்டோடும் மேற்கொண்டால் துணைவழியாக அமையலாம். அதற்கு முன்னர், வண்டல் படிந்து அருவிக்கரை இழந்த கொள்ளளவை மீட்பதும், குழாய்க் கசிவை அடைப்பதும், மலைக் காடுகளைக் காப்பதும் நம் கையில் உள்ள பணிகள். வானத்திலிருந்து கூடுதலாகப் பெற முனையுமுன், பெற்றதைக் காத்தலே சிக்கனத்தின் முதற் பாடம்.