குழந்தைகளுக்கான சத்து மருந்துகள்: தேவையும் அளவும்

குழந்தை மெலிந்திருந்தால் உடனே வைட்டமின் டானிக்கோ அமினோ அமில மருந்தோ வாங்கிக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். எந்தச் சத்து குறைந்துள்ளது, ஏன் குறைந்தது என்பதை அறியாமல் தரும் மருந்து, உரிய சிகிச்சையைத் தாமதப்படுத்தும்.

அமினோ அமிலங்கள் புரதத்தின் கூறுகள். அவற்றுள் 9 வகைகளை உணவிலிருந்தே பெற வேண்டும். அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேரும் பருப்புச் சோற்றிலும் இட்லியிலும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. முட்டை, பால், மீன் ஆகியவற்றில் ஒன்பதும் உண்டு. இவற்றைப் போதிய அளவு உண்ணும் குழந்தைக்குத் தனி அமினோ அமில மருந்து பெரும்பாலும் தேவைப்படாது.

வைட்டமின் குறைபாடு உறுதியானால் மருந்து இன்றியமையாதது; எனினும் அளவு மீறக்கூடாது. ஏ, டி வைட்டமின்கள் உடலில் தங்கிச் சேர்பவை. கைக்குழந்தைக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது நாளொன்றுக்கு 400 அலகு வைட்டமின் டி. ஆனால் சொட்டு மருந்துகளில் ஒரு மில்லி லிட்டருக்கு 400 அலகு கொண்டவையும் 800 அலகு கொண்டவையும் உள்ளன. வாரம் ஒருமுறை தர வேண்டிய 60,000 அலகு மருந்தை நாள்தோறும் கொடுத்தால், இரத்தத்தில் கால்சியம் உயர்ந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம். வாந்தி, மலச்சிக்கல், மிகுந்த தாகம் ஆகியவை அதன் அறிகுறிகள். கண்டால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

அளவு, இடைவெளி, நிறுத்த வேண்டிய நாள் ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் கேட்டறியுங்கள். புதிய புட்டி வாங்கும்போது அலகைப் பழையதுடன் ஒப்பிடுங்கள். சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். மருந்துடன் வரும் அளவுகோப்பையையோ சொட்டுக்குழலையோ பயன்படுத்துங்கள்.