திருக்குடந்தையில் ஒரு திண்ணை

அரியும் அரனும் ஒரே திருமேனியாய்க் காட்சியளிக்கும் சங்கரன்கோவிலில் விழாக் கண்டு மகிழும் மெய்யன்பர்களே! இங்கிருந்து சோழநாட்டுத் திவ்யதேச யாத்திரை செல்வோர், திருக்குடந்தையில் ஸ்ரீ சாரங்கபாணிப் பெருமாளைச் சேவித்தபின், அச்சந்நிதித் தெருவிலுள்ள ஒரு சிறிய ஓட்டு வீட்டையும் கண்டு வருதல் நலம்.

கணித மேதை ஸ்ரீநிவாச இராமாநுஜன் (1887–1920) வளர்ந்த இல்லம் அது. தந்தையார் துணிக்கடைக் கணக்கர். காகிதம் வாங்கப் பொருள் போதாமையால், இராமாநுஜன் திண்ணையில் அமர்ந்து கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அக்குறிப்பேடுகளை உலகக் கணித அறிஞர்கள் இன்றும் ஆராய்கின்றனர். தம் புலமை நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளே என்பது அவர்தம் நம்பிக்கை.

2003-ஆம் ஆண்டில் தஞ்சை சாஸ்த்ரா நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அவ்வீட்டை வாங்கிப் பழைய வடிவிலேயே பேணத் தொடங்கியது. அவ்வாண்டே குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

மாடமும் சிற்பமும் அவ்வீட்டின் பெருமை அல்ல. திண்ணையும், தெருவை நோக்கிய சாளரமும், குறுகிய அறையுமே அதன் செல்வம். அதனை இடித்து ஒரு மாளிகை எழுப்பியிருந்தால், பெயர்ப்பலகை எஞ்சியிருக்கும். வறுமையிலும் வித்தை வளர்ந்த வரலாறு கண்ணுக்குப் புலப்படாது மறைந்திருக்கும்.

அன்பர்களே! கோயிலுக்குத் திருப்பணி செய்து மகிழும் நாம், நம் ஊர்ச் சந்நிதித் தெருவில் பழைய வீடொன்றை இடிக்க முற்படுமுன், அதன் திண்ணையில் யார் அமர்ந்திருந்தனர் எனக் கேட்டறிவோமாக!