வீட்டுத் தொழிலுக்குக் கைப்பேசியில் ஒரு கடை

 

நம் ஓரிக்கையிலும் சுற்றுப்புறத்திலும் ஆரி வேலை, தையல், மசாலாப் பொடி, ஊறுகாய், பிரியாணி ஆர்டர், புர்கா விற்பனை என்று வீட்டிலிருந்தபடியே உழைக்கும் சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். கைவேலையில் குறை ஏதும் இல்லை. ஆனால் அந்த வேலையை யார் செய்தார் என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. நடுவில் நிற்பவர் சொல்லும் கூலியே கூலியாகிவிடுகிறது. கணவரை இழந்து, பிள்ளைகளின் படிப்புச் செலவைத் தனியாகச் சுமக்கும் ஒரு தாய்க்கு இது சின்ன விஷயம் அல்ல.

வாங்குபவரும் செய்பவரும் நேராகச் சந்திக்க இன்று கைப்பேசி வழி செய்கிறது. அந்த வழியில் முதல் அடியை எப்படி வைப்பது, எங்கே சறுக்கும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வீட்டிலிருந்தபடி, நம்பிக்கையானவர்கள் மூலம் தம் சரக்கைத் தொலைதூரச் சந்தைகளுக்கு அனுப்பி வணிகம் செய்தவர்கள். பெண்ணின் வணிகம் நம் மார்க்கத்துக்குப் புதிதல்ல.

1. முதலில் கணக்கு, பிறகு கைப்பேசி

விலை தெரியாமல் விளம்பரம் செய்தால் ஆர்டர் கூடக் கூட நஷ்டமும் கூடும். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஓர் ஆரி பிளவுஸ். துணி வாடிக்கையாளருடையது. நூல், மணி, ஜரிகை 350 ரூபாய். மின்சாரம், போக்குவரத்து 50 ரூபாய். வேலை நேரம் மூன்று நாளில் 15 மணி. ஒரு மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தால் உழைப்பு 900 ரூபாய். மொத்தம் 1,300 ரூபாய். இதை 800 ரூபாய்க்குக் கொடுத்தால், பொருள் செலவு 400 போக, கையில் நிற்பது 400. அதாவது ஒரு மணி நேர உழைப்புக்கு 27 ரூபாய்கூட இல்லை.

இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதுங்கள். தன் நேரத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை நம் சகோதரிகள் பலர் எழுதிப் பார்த்த பிறகுதான் உணர்கிறார்கள்.

2. எதில் தொடங்குவது?

எல்லாச் செயலிகளிலும் ஒரே நாளில் கணக்கு தொடங்க வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸ் ஒன்று போதும். அது இலவசம். தொழிலுக்கென்று தனி சிம் வாங்கி, அந்த எண்ணில் தொடங்குங்கள். இரண்டு சிம் போடும் கைப்பேசியில் சொந்த வாட்ஸ்அப்பும் இதுவும் தனித்தனியாக இயங்கும்.

அதில் பொருள்களைப் படமும் விலையுமாக அடுக்கி வைக்கும் கேட்டலாக் வசதி உண்டு. தொழுகை நேரத்திலோ இரவிலோ யாராவது கேட்டால் "நாளை காலை பதில் தருகிறோம்" என்று தானாகப் போகும்படி வைக்கலாம். பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆகவே வாங்கியவர்களிடம் "எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் நிற்கும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு போதும். கேட்காதவர்களையெல்லாம் குழுவில் சேர்த்துத் தொல்லை கொடுக்க வேண்டாம். மஹல்லா குழுவிலும் பொறுப்பாளர் அனுமதியோடு மட்டும் போடுங்கள்.

இரண்டு மூன்று மாதம் பழகிய பின் இன்ஸ்டாகிராமுக்குப் போகலாம். ஓர் எச்சரிக்கை: அங்கே தொழில் கணக்கு யாவரும் பார்க்கக்கூடியதாகவே இருக்கும், அதைப் பூட்டி வைக்க முடியாது. சொந்தக் கணக்கைத் தொழில் கணக்காக மாற்றினால் பழைய குடும்பப் படங்களும் வெளியே தெரியும். ஆகவே புதிதாகத் தனிக் கணக்கு தொடங்குங்கள்.

3. முகம் காட்டாமலும் விற்கலாம்

"படம் போட வேண்டும், வீடியோவில் பேச வேண்டும் என்கிறார்களே" என்று தயங்கும் சகோதரிகள் உண்டு. முகம் தேவையில்லை. வாங்குபவர் பார்க்க விரும்புவது பொருளையும் அது உருவாகும் விதத்தையும்தான்.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைப் பாயை நினைத்துப் பாருங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையில், நம் சமுதாயப் பெண்கள் வீட்டிலேயே நெய்வது. மணமக்கள் பெயரையும் திருமண நாளையும் பாயிலேயே நெய்து தருவார்கள். புவிசார் குறியீடும் பெற்றது. நெய்தவரின் முகம் நமக்குத் தெரியாது. ஆனால் கோரை எப்படிக் கிழிக்கப்படுகிறது, எத்தனை நாள் ஆகிறது என்று அறிந்தவர் விலையைக் கேட்டுத் தயங்க மாட்டார். பெயரை நெய்து தரும் அந்த வழக்கத்திலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. கடையில் கிடைக்காத ஒன்றை, கேட்பவருக்கென்றே செய்து தருவதுதான் வீட்டுத் தொழிலின் பலம்.

ஆகவே ஊசி ஏறி இறங்குவதை, மிளகாய் வெயிலில் காய்வதை, மாவு சலிப்பதை 20 விநாடி எடுத்துப் போடுங்கள். காலை வெளிச்சத்தில், ஜன்னல் ஓரம், வெள்ளைத் துணி விரித்து எடுத்தால் படம் தெளிவாக வரும். நிறம் மாற்றிக் காட்டும் பில்டர் வேண்டாம். பாட்டுச் சேர்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தையல் மெஷினின் ஓசையே போதும்.

வீட்டு வாசல், தெருப்பெயர், பிள்ளைகளின் முகம், பள்ளிச் சீருடை ஆகியவை படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் பொருளை வாங்க வந்தால் வீட்டு ஆண்களில் ஒருவர் கடைத்தெருவில் வைத்துக் கொடுக்கலாம்.

4. படத்தின் கீழ் என்ன எழுதுவது?

பொருள், அளவு, விலை, எத்தனை நாளில் கிடைக்கும், எந்த ஊர் வரை கொடுப்போம் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். "விலைக்குத் தனியாகக் கேளுங்கள்" என்று எழுதினால் பாதிப் பேர் கேட்காமலே போய்விடுவார்கள். தொடக்கத்தில் காஞ்சிபுரம், உத்திரமேரூர், வாலாஜாபாத் என்று கைக்கு எட்டிய தூரத்தோடு நிறுத்துங்கள்.

5. உண்மை சொன்னால் பரக்கத்

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இன்று அந்தக் குவியலின் மேற்பரப்புதான் நாம் போடும் படம். வாங்குபவரால் கையை விட்டுப் பார்க்க முடியாது. ஆகவே நம் பொறுப்பு இன்னும் அதிகம்.

நம் ஊருக்கு இது மிகவும் பொருந்தும். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வேறு ஊர்ச் சேலையையோ, கலப்புப் பட்டையோ "காஞ்சிபுரம் பட்டு" என்று ஸ்டேட்டஸில் போடுவது வாங்குபவருக்கும் நெசவாளிக்கும் செய்யும் துரோகம். செமி சில்க் என்றால் அப்படியே எழுதுங்கள். உறவினர்களை வைத்து, வாங்காததை வாங்கியதாகப் பாராட்டு எழுத வைப்பதும் ஏமாற்றுதான். பிறர் எடுத்த படத்தை நம் வேலை என்று போடுவதும் அப்படியே.

முன்பணம் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பொருளின் தன்மை, அளவு, கொடுக்கும் நாள் மூன்றும் தெளிவாகப் பேசி முன்னதாகப் பணம் பெறும் 'ஸலம்' முறை மார்க்கத்தில் உண்டு. உங்கள் தொழிலுக்கு அதன் நிபந்தனைகள் எப்படிப் பொருந்தும் என்பதை இமாம் அவர்களிடம் கேட்டுத் தெளியுங்கள். பேசியதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்பிவிடுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) என்பதை நினைவில் வைப்போம்.

6. ஏமாற்றுக்காரர்களிடம் கவனம்

புதிய எண்ணிலிருந்து பெரிய ஆர்டர் வரும். ராணுவத்தில் இருக்கிறேன், அதிகாரி பேசுகிறேன் என்பார்கள். விலை பேசவே மாட்டார்கள். "பணம் அனுப்ப இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்பார்கள். போட்டால் நம் பணம் போய்விடும். ஒன்றை மனத்தில் பதியுங்கள்: பணம் பெறுவதற்கு யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. ஓடிபியையும் யாருக்கும் சொல்லக் கூடாது.

பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கில் வந்துவிட்டதா என்று பாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினமாகும்.

7. பதிவும் உதவியும்

உணவுப் பொருள் விற்பவர்கள், வீட்டிலிருந்து செய்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு பெற வேண்டும். 14 இலக்கப் பதிவு எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட்டால் வாங்குபவருக்கும் நம்பிக்கை வரும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு 2020 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டணம் கேட்கும் போலித் தளங்களிடம் போகாதீர்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தின் உதவிகள் பற்றி ஆட்சியர் அலுவலகத்தில் சிறுபான்மையினர் நலப் பிரிவில் விசாரிக்கலாம். தொழில் தொடங்கவென்று வட்டிக்கு வாங்கிப் புதுக் கைப்பேசி வாங்க வேண்டாம். இருக்கும் கைப்பேசியே போதும்.

8. முதல் முப்பது நாள்

முதல் வாரம்: விலைக் கணக்கு, தனி எண், பத்துப் பொருள்களின் படம். இரண்டாம் வாரம்: கேட்டலாக், தெரிந்த 30 பேருக்குத் தனித்தனியாக ஸலாம் சொல்லி ஒரு செய்தி. மூன்றாம் வாரம்: தினம் ஒரு ஸ்டேட்டஸ், வாங்கியவரிடம் குறை நிறை கேட்பது. நான்காம் வாரம்: எந்தப் பொருளைப் பலர் கேட்டார்கள், எதில் மிஞ்சியது என்று நோட்டைப் பார்ப்பது. விற்காததை விட்டுவிட்டு, விற்பதைக் கூட்டுங்கள். முதல் மாதம் இரண்டே ஆர்டர் வந்தாலும் மனம் தளர வேண்டாம். அந்த இருவர் திருப்தியடைந்தால் அவர்களே நான்கு பேரை அழைத்து வருவார்கள். அந்த நோட்டு ஜகாத் கணக்கிடவும் உதவும்.

வீட்டு ஆண்களுக்கு ஒரு சொல்

படம் எடுக்க, பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்க மகனும் கணவரும் உதவுவது நல்லது. ஆனால் பணம் வரும் எண் உழைப்பவரின் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கட்டும். பெண் சம்பாதித்தது பெண்ணுக்கே உரியது என்பது குர்ஆன் (4:32) தந்த உரிமை. அவர் மனமுவந்து குடும்பத்துக்குக் கொடுத்தால் அது அவருடைய தர்மம். கேட்காமல் எடுத்தால் அது அமானிதத்தை மீறுவது.

கைப்பேசி இயக்கத் தெரிந்த பிள்ளைகள் இந்த வாரம் தெருவில் ஒரு சகோதரிக்காவது அமர்ந்து கற்றுக் கொடுங்கள். அதுவும் ஸதகாதான். நம் சகோதரிகளின் கைகளுக்கு ஹலாலான, பரக்கத்தான ரிஸ்கை அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.