கொட்டும் மாதவிலக்குக்கு எந்தக் கருத்தடை?

கருத்தடைக்கு ஒரு டாக்டர், உதிரப்போக்குக்கு வேறொரு டாக்டர் என்று அலைகிற பெண்கள் நம்மிடையே உண்டு. இரண்டையும் ஒரே இடத்தில் பேசினால், பலருக்கு ஒரே வைத்தியம் இரண்டுக்கும் உதவும். அதைத் தடுப்பவை சில பழைய நம்பிக்கைகள்.

நம்பிக்கை: “எங்க அம்மாவுக்கும் இப்படித்தான். உடம்பு வாகு.”

ஒன்றிரண்டு மணி நேரத்துக்கொரு பேட் நனைவதும், பெரிய கட்டிகளாகப் போவதும், 7 நாளைத் தாண்டி நீள்வதும் வாகு அல்ல. 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்று பாடப்புத்தகம் சொல்லும். யார் அளந்து பார்ப்பது? வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தால் அது அதிகம்தான். அம்மாவுக்கும் இருந்ததென்றால், ரத்தம் உறைவதில் பரம்பரைக் குறை உண்டா என்றும் பார்க்க வேண்டும். தைராய்டு, ஃபைப்ராய்டு கட்டி, ஹீமோகுளோபின் இவற்றையும் சேர்த்துத்தான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகையுடன் இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது.

நம்பிக்கை: “கருப்பைக்குள் எதை வைத்தாலும் ரத்தம் கொட்டும்.”

காப்பர்-டியைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கிறது. முதல் சில மாதங்களில் போக்கும் வலியும் கூடலாம். ஏற்கெனவே கொட்டுகிறவருக்கு அதைப் போடவே கூடாது என்றில்லை. ஆனால் முதல் தேர்வாக நான் சொல்ல மாட்டேன். பிரசவமான கையோடு போட்டுவிடுவதால், முன்பு மாதவிலக்கு எப்படி இருந்தது என்ற கேள்வியே சில நேரம் விட்டுப்போகிறது. நீங்களே சொல்லிவிடுங்கள்.

அதே வடிவில் ஹார்மோன் வளையம் ஒன்று உண்டு. அதிலிருந்து லெவோநார்ஜெஸ்ட்ரல் சிறுகச் சிறுகக் கசிந்து கருப்பையின் உள்சவ்வை மெலியவைக்கும். ஆறு மாதம், ஓராண்டில் பலருக்குப் போக்கு பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. தொடக்கத்தில் 3 முதல் 6 மாதம் சொட்டுச் சொட்டாகத் தீட்டுப்படும். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பாதியில் எடுத்துவிடச் சொல்லி வருகிறார்கள். தனியாரில் சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்பது நியாயமான மனக்குறை.

செலவில்லாத வழிகளும் உண்டு. அரசு மருத்துவமனையில் கிடைக்கும் மாலா-என் மாத்திரை போக்கைக் குறைக்கும். ஆனால் உயர் ரத்த அழுத்தம், ரத்தக்கட்டு வந்த வரலாறு, கண்ணில் ஒளி தெறிக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அது ஆகாது. லக்னோவில் உள்ள ஓர் ஆய்வகம் கண்டுபிடித்த, ஹார்மோன் இல்லாத ‘சாயா’ மாத்திரையை முதல் 3 மாதம் வாரம் இருமுறையும், பிறகு வாரம் ஒருமுறையும் போட வேண்டும். 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசியில் தொடக்கத்தில் ஒழுங்கற்ற போக்கு இருக்கும். பிறகு பலருக்கு மாதவிலக்கே நின்றுவிடும்.

நம்பிக்கை: “நின்றுபோனால் கெட்ட ரத்தம் உள்ளே தேங்கிவிடும்.”

மாமியார் முதல் மருந்துக்கடைக்காரர் வரை சொல்லும் பயம் இது. மாதவிலக்கில் வருவது அழுக்கோ நஞ்சோ அல்ல. வளர்ந்த உள்சவ்வு உதிர்வதுதான். சவ்வு வளரவே இல்லையென்றால் உதிர என்ன இருக்கிறது? தேங்கவும் எதுவுமில்லை. வளையத்தை எடுத்ததும் மாதவிலக்கும் கருத்தரிக்கும் திறனும் திரும்பிவிடும். அந்தராவில் மட்டும் சில மாதம் தாமதமாகலாம்.

நம்பிக்கை: “ரத்தம் நிற்க மாத்திரை போடுகிறேன், கரு தங்காது.”

டிரானெக்ஸாமிக் அமிலம் போக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும், கருத்தடை ஆகாது. கல்யாணம், கோயில் என்று நாள் தள்ளிப்போட வாங்கும் நோரெத்திஸ்டிரோன் மாத்திரையையும் கருத்தடையாக நம்பக் கூடாது.

நம்பிக்கை: “குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தால் இதுவும் சரியாகும்.”

ஆகாது. குழாயைக் கட்டுவதால் கருப்பைக்கு எந்த மாற்றமும் இல்லை. கருப்பையை எடுப்பது கடைசி வழி. மற்றவை பலிக்காதபோது யோசிக்க வேண்டியது.

அடுத்தமுறை டாக்டரிடம் போகும்போது மூன்று மாதத் தேதிகளையும் ஒரு நாளில் எத்தனை பேட் என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். மாதவிலக்குக்கு இடையிலோ உறவுக்குப் பின்னோ ரத்தம் வந்தால், எந்த முறையையும் தொடங்குமுன் அதைச் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.